சாமியானாவுக்கு மத்ரினா இல்லை

1

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை. தபாஸ்கோ மாநிலத்தில் கொமால்கால்கோ ஊருக்கு வெளியே, கக்காவோ தோட்டங்கள் தொடங்கும் தெருவில், எர்மெலிந்தா இஸ்கியெர்தோ வீட்டுக் கொல்லையில் மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கொல்லையில் அன்று நடந்த விழாவில் ஐஸ்கட்டி என் பொறுப்பு. எங்கள் பக்கம் கையில் காசு இல்லாதவர்கள் பெரிய விழா எடுப்பது இப்படித்தான். கேக்குக்கு ஒருவர், நாற்காலிக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், காகிதத் தட்டுக்குக்கூட ஒருவர். வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். பெண்ணாக இருந்தால் மத்ரினா, ஆணாக இருந்தால் பத்ரினோ. சரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பொருள் அவர் செலவு. அன்றிலிருந்து இரண்டு வீடும் உறவு. பெண்கள் ஒருவரையொருவர் "கொமாத்ரே" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். பெரிதாக எதையும் என்னிடம் கேட்கக் கூடாது என்று எர்மெலிந்தாவுக்குத் தெரியும். ஐஸ் கேட்டாள்.

ஐஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்பவனிடம் எல்லோரும் வருவார்கள், கொஞ்சம் பேசிவிட்டும் போவார்கள். கீழே இருப்பதில் பாதி அங்கே கேட்டது. மீதியைப் பிறகு எர்மெலிந்தாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

2

இந்தக் கதையை மூன்று முறை தொடங்கினேன்.

"தனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது என்பதை எர்மெலிந்தா உணர்ந்தது ஒரு மழைநாளில், கண்ணாடியின் முன்"

(இல்லை. அவள் இரண்டு வருடமாகத் தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.)

"வறுமையிலும் ஒரு"

(பள்ளிக்கூடச் சமையல்காரி என்றவுடன் கை தானாக இந்தச் சொல்லுக்குப் போய்விட்டது. அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டில் நாய் எழுந்து நிற்கும். அந்தப் பெண்ணை இந்த வரிக்குள் அடைக்க முடியாது.)

மூன்றாவது நின்றது:

"தீம் என்னம்மா?" என்று கேட்டாள் யாரெட்சி.

யாரெட்சி அவள் மகள். வயது பத்தொன்பது, கைபேசிக் கடையில் வேலை. அம்மாவுக்குப் பதினைந்து வயதானபோது, எங்கள் பக்கம் அந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் எடுக்கும் பிறந்தநாள் விழா அவளுக்கு நடக்கவில்லை. அந்த வருடம் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை ஐம்பதில் நடத்திக்கொள்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பெரிய பாவாடை, வால்ட்ஸ் நடனம், எல்லாம்.

"அம்பது வயசுல பதினஞ்சு கொண்டாடப் போறேன். இதுக்கு மேல என்னடி தீம்?"

"அது காரணம். தீம் வேற. இதப் பாரு, ட்ராப்பிக்கல்."

கைபேசியில் தென்னங்கீற்று, அன்னாசி, கழுத்தில் காகிதப்பூ மாலை, இளநீரில் குழல்.

"இது நம்ம கொல்லை."

"நம்மளது வெறும் செடிம்மா. இது தீம்."

"இந்த நீட்டுக்கால் பறவை?"

"ஃபிளமிங்கோ."

"அது யூகாத்தான் மாநிலத்துக்காரங்களோடது. நமக்கு நாரை இருக்கே, அத வையேன்."

"நாரைய யாரும்மா வைப்பாங்க?"

கேலி பேசியபடியே எர்மெலிந்தா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். படம் படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அவளிடம் இருந்த பணம் பன்றிக்கறிக்கும் சோளமாவுக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் இந்தப் படங்களில் இருந்ததெல்லாம் அவள் சும்மா மிதித்துக்கொண்டு நடந்தவை. வாழையிலை, தேங்காய், சிவப்புச் சிவப்பாய்த் தொங்கும் எலிகோனியா. உலகத்தில் யாரோ இதற்குக் காசு கொடுக்கிறார்கள்! அவளுக்குத் தன் கொல்லைமேல் திடீரென்று பெருமை வந்துவிட்டது. தெரு முழுவதையும் கூப்பிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவானது. பிறகு பள்ளிக்கூடம் முழுவதையும். பிறகு அக்கரைச் சொந்தம் முழுவதையும்.

3

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். கதைக்குத் தேவையில்லை. ஆனால் நடந்தது.)

விழாவுக்கு முந்திய ஞாயிறு தாயும் மகளும் சந்தைக்குப் போய் இரண்டு காகித அன்னாசியும் ஒரு ஃபிளமிங்கோ பலூனும் வாங்கித் திரும்பினார்கள். கொல்லையில் எதுவும் இல்லை. எர்மெலிந்தாவின் கணவர் கந்தெலாரியோ காலையிலிருந்து வெட்டரிவாளோடு நின்று வாழை, எலிகோனியா, புதர் எல்லாவற்றையும் வழித்திருந்தார். மண்ணைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். மிஞ்சிய தென்னைகளுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்திருந்தார்.

"விருந்தாளுங்க வர்ற எடம். நறுவிசா இருக்க வேணாமா?" என்றார். முகமெல்லாம் வேர்வை, சந்தோஷம்.

யாரெட்சி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எர்மெலிந்தா கையிலிருந்த பலூனைப் பார்த்தாள், சுண்ணாம்பு அடித்த தென்னையைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது வீட்டு நாய் எழுந்து நின்றது.

"தெருவுல கேளு. இலைக்கு ஒரு பத்ரினோ பிடி," என்றாள் மகளிடம். "உங்கப்பனத் தவிர யாரா இருந்தாலும் சரி."

(கந்தெலாரியோ பக்கம் நியாயம் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டை மதிக்கிறார்கள் என்றால் அதன் மண் பெருக்கியிருக்கும். காட்டை அழகு என்று சொல்பவர்கள் காட்டில் குடியிருப்பவர்கள் அல்ல. இதை ஒரு கட்டுரையாக வளர்க்கத் தொடங்கினேன். நல்லவேளை, மின்சாரம் போய்விட்டது.)

4

எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நாற்காலிக்குக் கசாப்புக்கடைக்காரர், பாட்டுக்கு எர்மெலிந்தாவின் தம்பி, பாவாடைத் துணிக்கு இரண்டு சகோதரிகள் பாதிப் பாதி. கேக்குக்குப் பள்ளி ஆசிரியை பெர்லா. கிடைக்காதது ஒன்றுதான், சாமியானா. செப்டம்பர் மழையில் சாமியானா இல்லாமல் கொல்லையில் விழா எடுப்பவர் இங்கே கிடையாது.

அத்தனை பேரை மூடும் சாமியானா ஊரில் ஒன்றுதான் இருந்தது. அதை வாடகைக்கு விடுகிறவள் ஒப்துலியா. யாரெட்சிக்கு ஞானஸ்நானத் தாய். எர்மெலிந்தாவுக்குச் சிறுவயதுத் தோழி. நான்கு வருடமாகப் பேச்சில்லை.

காரணம் கேக். யாரெட்சியின் பதினைந்தாவது பிறந்தநாளுக்குக் கேக் மத்ரினாவாக ஒப்துலியாவைக் கேட்டிருந்தாள் எர்மெலிந்தா. பின்பு ஒருநாள் பள்ளியில் ஆசிரியை பெர்லா தானாக "கேக் நான் தர்றேனே" என்றபோது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேரிடமும் மற்றவரைப் பற்றிச் சொல்லவும் இல்லை. எப்படியோ சரியாகிவிடும் என்று நினைத்தாள். விழாவன்று இரண்டு கேக் வந்தன. ஆசிரியை பக்கத்தில் நின்றதால் அவருடையதை முதலில் வெட்டினாள். ஒப்துலியா தன் மூன்றடுக்குக் கேக்கை அப்படியே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

எர்மெலிந்தா என்னிடம் ஒரு முறை சொன்னாள்: "சாமியானா மழைக்குத்தான்னு எல்லார்ட்டயும் சொன்னேன். மழை வந்தா நனைஞ்சிட்டுப் போறாங்க. அவ இல்லாம எனக்கு எதுக்குங்க பதினஞ்சு?"

5

ஒப்துலியா வாசலில் சாமியானாத் துணியைப் பரப்பிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க. வாடகைக்கா?"

ஆயிரம் தடவை "வாடி" கேட்ட வாசல் அது.

"இல்ல, கொமாத்ரே."

"அப்ப வழி தப்பிட்டீங்க. பஸ் அந்தப் பக்கம் நிக்கும்."

"எனக்கு அம்பது ஆகுது."

"தெருவுக்கே தெரியும். காட்டு விழாவாமே. வீட்டுக்காரர் காட்டையே வழிச்சுட்டாராமே."

எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்துலியாவுக்கும் வந்தது. அதை மறைக்கத் துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"சாமியானாவுக்கு நீதான் மத்ரினா ஆகணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

"ஆகமாட்டேன். சாமியானா என் பொழப்பு. பொழப்பத் தூக்கிக் குடுத்தா நான் மத்ரினா இல்ல, இளிச்சவாச்சி. கேக்குக்குக் கேளுங்க. கேக்கு கொண்டுவர்றேன். சாமியானா அதோட சும்மா வரும்."

எர்மெலிந்தா குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஒப்துலியா இப்போதுதான் நிமிர்ந்தாள். "கேக்குக்கு யாரு?"

"டீச்சர்."

"அவங்களேவா?"

"அவங்களேதான்."

"ஏண்டி, உனக்கு உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா?"

(முதல் வரைவில் இந்த இடத்தில் நட்பைப் பற்றி ஒப்துலியா ஒரு பக்கம் பேசினாள். அடித்துவிட்டேன். குத்தல் இல்லாமல் அவள் மூன்று சொல் பேசி நான் கேட்டதில்லை. அந்த "ஏண்டி" கேட்டதும் பாதி சாமியானா வந்துவிட்ட மாதிரி இருந்தது என்றாள் எர்மெலிந்தா. அதற்கு மேல் நான் என்ன எழுத?)

6

இங்கே அவள் என்ன செய்வாள்?

"எர்மெலிந்தா ஆசிரியையின் வீட்டுக்குப் போய், கேக் வேண்டாம் என்று"

(கேட்டுப் பிடித்த மத்ரினாவிடம் வேண்டாம் என்று திருப்பிச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அவளால் முடியாது. எனக்கும் அதை எழுத வரவில்லை.)

அவள் போனது உண்மை. ஆனால் இந்த முறை, போன தடவை நடந்ததையும் ஒப்துலியா இப்போது கேட்டதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அதாவது, என் கேக்கு வேண்டாங்கிறீங்க," என்றார் ஆசிரியை.

"வேணும் டீச்சர். அதுவும் வேணும்."

"போன தடவை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீங்க. அவங்க கேக்கைத் தூக்கிட்டுப் போறாங்க, நான் ஏதோ விளையாட்டுன்னு நெனச்சுக் கை தட்டிட்டு நிக்கிறேன். நாலு வருஷமா அந்தம்மா என்னைக் கண்டா அடுத்த தெருவுல போறாங்க. எனக்குக் காரணமே தெரியாது."

ஆசிரியை இரண்டு விரலை நீட்டினார்.

"சரி, ரெண்டு கேக்கு. முதல்ல எத வெட்டுவீங்க?"

"தெரியல டீச்சர்."

"நல்லது. தெரிஞ்சா உங்க முகத்துல எழுதியிருக்கும்."

அதே செய்தியோடு ஒப்துலியாவிடமும் போனாள். ஒப்துலியா அதே கேள்வியைக் கேட்டாள், அதே பதில் கிடைத்தது.

"வந்து கட்டுறேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. போட்ட முடிச்ச அவுக்கவும் எனக்குத் தெரியும்."

7

சனிக்கிழமை காலை தெருவே இலையாக வந்தது. வாழை, தென்னை, பெயர் தெரியாதது, ஒன்று எறும்புக்கூட்டோடு. கந்தெலாரியோ வழித்த கொல்லை மதியத்துக்குள் மறுபடி காடாகிவிட்டது. அவர்தான் ஏணியில் நின்று கட்டினார். இரண்டு அன்னாசி போதவில்லை என்று லாரிக்காரர் ஒருவர் நிஜ அன்னாசி நான்கு கூடை இறக்கினார். ஃபிளமிங்கோவுக்குப் பக்கத்தில் யாரோ அட்டையில் ஒரு நாரை வரைந்து நிறுத்தியிருந்தார்கள். யாரெட்சி அதைத் திட்டிக்கொண்டே படம் எடுத்தாள். ஒப்துலியா தன் ஆட்களோடு வந்து, யாரிடமும் பேசாமல், எட்டு மூலையிலும் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

எர்மெலிந்தா ஆரஞ்சுப் பாவாடையில் வெளியே வந்தபோது பாட்டு நின்றது. கூட்டத்தில் விசில். கசாப்புக்கடைக்காரர் நாற்காலிமேல் ஏறினார். அவள் வால்ட்ஸ் ஆடினாள், முதலில் கந்தெலாரியோவோடு, பிறகு தம்பியோடு, பிறகு கைக்குக் கிடைத்தவர்களோடு. என்னோடும் ஒரு சுற்று. "ஐஸ் உருகுது, பத்திரிகைக்காரரே!" என்று என் காதில் கத்தினாள்.

ஐந்து மணிக்கு மழை. எல்லோரும் சாமியானாவுக்குள் ஒதுங்கினார்கள். நடு மேசையில் இரண்டு கேக். ஆசிரியை ஒரு பக்கம். ஒப்துலியா மறுபக்கம் மூலைக் கம்பத்தருகே, ஒரு கை முடிச்சின்மேல்.

அப்போது மேலே துணியின் ஓரத்தில் தண்ணீர் தேங்கித் தொட்டில் மாதிரி தொங்க ஆரம்பித்தது. கந்தெலாரியோ என் கையில் ஒரு கழியைக் கொடுத்தார். இருவரும் வெளியே ஓடி மழையில் நின்று துணியைக் கீழிருந்து குத்தித் தண்ணீரைத் தள்ளினோம். உள்ளே பிறந்தநாள் பாட்டு கேட்டது. பாட்டு முடிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மௌனமானார்கள். பிறகு ஒரு பெருங்கூச்சல். கைத்தட்டலா, வேறெதுவுமா என்று மழையில் சொல்ல முடியவில்லை.

நான் பார்க்கவில்லை. கதையின் முக்கியமான இடத்தில் இதை எழுதுகிறவன் ஒரு கழியோடு வெளியே நின்றான்.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) ஒப்துலியாவின் கேக் முதலில். ஆசிரியை கை தட்டுகிறார், இந்த முறை காரணம் தெரிந்து.

(ஆ) ஆசிரியையின் கேக் முதலில். ஒப்துலியாவின் விரல்கள் முடிச்சில் அசைகின்றன. அவள் தலைக்கு மேலே தெரு முழுவதற்குமான மழை. அவள்

(இங்கே நிறுத்தினேன். அவள் என்ன செய்வாள் என்று நான் நினைக்கிறேனோ, அது என்னைப் பற்றித்தான் சொல்லும், அவளைப் பற்றி அல்ல.)

(இ) இரண்டு கையில் இரண்டு கத்தி, ஒரே நேரத்தில். இதை நான் நம்பவில்லை. எர்மெலிந்தா வெங்காயம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இடது கையில் கத்தியே பிடிக்க மாட்டாள்.

விசாரித்தேன். ஆசிரியை பெர்லா, தன்னுடையதுதான் முதலில் என்றார். ஒப்துலியா, தன்னுடையதுதான் என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்தாள். எர்மெலிந்தாவைக் கேட்டேன். மூன்றாவது வீட்டு நாய் எழுந்து நின்றது. யாரெட்சியின் கைபேசியில் படம் இருக்கிறது. "காட்டட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். எது முதலில் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நீங்களும் வெளியேதான் நின்றிருந்தீர்கள்.

மழை இரவு எட்டு மணிக்கு விட்டது. இரண்டு கேக்கும் தீர்ந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒப்துலியா வந்து முடிச்சுகளை அவிழ்த்தாள். துணியின் மறுமுனையைப் பிடித்து எர்மெலிந்தா மடித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒப்துலியா இருந்தாள்.