நாச்சம்மாள் வீட்டு மாட்டின் பொது அறிவு

என் செவலைப் பசுவின் தலையில் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் இருந்தால் நாளையே அதன் மடி வற்றிப்போகட்டும். மீனாட்சிபுரத்தில் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

என் கட்டுத்தரைக்கும் அடுத்த வீட்டு நாச்சம்மாளின் கட்டுத்தரைக்கும் நடுவில் ஒரே சுவர். விடியற்காலையில் நான் செவலையைக் கறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மருமகள் நர்மதா கறப்பாள். நர்மதா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். தூரம் அதிகமில்லை, ஆனால் நடுவில் செக்போஸ்ட் இருக்கிறது. அவள் படித்தது அந்த மாநிலத்துப் பாடம். எழுத ஆசைப்பட்டது இந்த மலையாள மாநிலத்து அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை. அதற்கு வகுப்பு எங்கள் தாலுகா ஊரான சித்தூரில், அதுவும் காலை நேரத்தில். கறக்க வேண்டியவள் எப்படிப் போவாள்? அதனால் காம்பைப் பிடித்தபடியே தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிப் படித்தாள்.

மாடு கேட்டுக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அதற்கு எல்லாம் பாடமாகிவிட்டது. உலகத்திலேயே ஆழமான ஏரி பைகால் என்றால் பால் இறங்கும். வாலிபாலுக்கு ஒரு பக்கத்தில் ஏழு பேர் என்று அவள் ஒருநாள் தவறிச் சொன்னதற்குச் சட்டியை எட்டி உதைத்தது. பானிபட் போர் 1526 என்றால் உடனே இறக்கும். 1556 என்றால் அது இரண்டாவது போர், அதுவும் சரிதானே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு இறக்கும்.

வகுப்புக்கு அனுப்பச் சொல்லி நர்மதா கேட்டபோதெல்லாம் நாச்சம்மாள் மாட்டைத்தான் காட்டினாள். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு வாக்குக் கொடுத்தாள். ஓணத்துக்குப் பால் சங்கத்தில் நடக்கும் பொது அறிவுப் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்தால் காலைக் கறவையை மாமியாரே பார்த்துக்கொள்வாள், மருமகள் வகுப்புக்குப் போகலாம். தோற்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

போட்டியில் பதில் தெரிந்தவர் காலிப் பால் கேனைக் கரண்டியால் தட்ட வேண்டும். சங்கத் தலைவர் ஆறுமுகசாமி கேள்விகளை வாசித்தார். ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் நர்மதாவும் உரக்கடை தனபாலும் மிஞ்சினார்கள். இருவரும் சமம். ஒரே ஒரு கேள்வி பாக்கி: நம் மாநிலத்தின் மரம் எது?

நர்மதா முதலில் தட்டினாள். "பனை" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் வாயிலும் அதுதான் இருந்தது. சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரப்பில் எல்லாம் பனைதான் நின்றது. தனபால் மெதுவாகத் தட்டித் தென்னை என்றார். ஆறுமுகசாமி ஒருமுறை சன்னலைப் பார்த்தார், ஒருமுறை தாளைப் பார்த்தார்.

"என்ற தோட்டத்துலயும் வரப்பு பூரா பனைதாங்க அம்மிணி. ஆனா தாள்ல தென்னைன்னுதான் போட்டிருக்குது."

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. எல்லைக்கு அந்தப் பக்கம் பனை மாநில மரம், இந்தப் பக்கம் வெறும் மரம். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பனைக்கு யாரும் சொல்வதில்லை. கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மட்டும் தினமும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை நர்மதா கேள்வியும் கேட்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. பேசாமல் உட்கார்ந்து கறந்தாள். சட்டியில் சத்தமே இல்லை. நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மாடு தலையைத் திருப்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாச்சம்மாள் வந்தாள். மருமகளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். கன்றை விட்டுப் பார்த்தாள், தடவிக் கொடுத்தாள், திட்டினாள். ஒரு சொட்டு இல்லை. கோபம் மருமகள் மேல் திரும்பியது.

"அந்த ஊட்டு மரமே இன்னும் உன்ற மண்டையில நிக்குது. தென்னைடி, தென்னை!"

சட்டியில் பால் சர்ரென்று விழுந்தது.

நாச்சம்மாள் மாட்டை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, சோதித்துப் பார்க்கிற மாதிரி, "பனை" என்றாள். பால் நின்றுபோனது.

நர்மதா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அது தமிழ்நாட்டு மரமுங்க அத்தை."

மறுபடியும் இறங்கியது. எது எந்த இடத்துக்கு என்று சேர்த்துச் சொன்னால் அந்த மாட்டுக்கு இரண்டும் சரிதான்.

அடுத்த நாள் நாச்சம்மாள் தென்னையையே சொன்னாள். மாடு ஏற்கவில்லை. புதுசு ஒன்று கேட்ட பிறகு, நேற்றுவரை கேட்டதெல்லாம் அதற்குப் பழசு. தனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து விட்டாள்: பெருமாட்டிப் பஞ்சாயத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கல்யாணம் எதனால் நின்றது. பரீட்சையில் வராது என்று மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. நர்மதா தனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும் என்றாள். நாச்சம்மாள் காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கெளம்பு அம்மிணி, சித்தூர் பஸ்ஸு போயிரும். வாரப்ப நாளைக் காலைக்கு ரெண்டு கேள்வி கொண்டாந்துரு."

அன்றிலிருந்து அந்தப் பக்கம் நாச்சம்மாளின் குரல்தான். ராத்திரிச் சோற்றின்போது மருமகள் சொல்லிக் கொடுப்பதைக் காலையில் மாட்டிடம் ஒப்பிக்கிறாள். வர வர, பால் இறங்கிய பிறகும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நேற்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது: "ரெண்டு மாநிலத்துக்கும் பழம் மட்டும் ஒண்ணேதான் சாமி. பலாப்பழம்." அதற்குப் பால் விழுந்த சத்தம் நிற்கவே இல்லை. கேட்டபடியே நானும் செவலையின் மடியில் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் இதுவரை மாடு வளர்த்ததில்லை.