புதன்கிழமை மியூவான்கள்

மதுரையில் எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு செமினார். நியூட்ரினோ, கருந்துளை, இருண்ட பொருள் என்று யாராவது வந்து பேசுவார்கள். எண்பது பேர் கேட்பார்கள். எண்பது பேரும் அடிப்படைத் துகள்களுக்காக வருகிறார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. நாலு மணிக்குச் சூடாக உளுந்து வடை உண்டு. வடை இல்லாமல் நடந்த ஒரே ஒரு செமினாரில் பேசியவரையும் சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம்.

இந்தப் புதன் மேடை எனக்கு. பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்வுக் குழு தலையாட்ட வேண்டிய கடைசி செமினார். பதிவுக் காலம் மாதக் கடைசியோடு முடிகிறது. குழு உதட்டைப் பிதுக்கினால் ஐந்து வருட உழைப்பும் மறுபடி முதலிலிருந்து. ஏற்கெனவே வீட்டில் சௌராஷ்டிரத்திலும் தெருவில் தமிழிலும் "இந்துப்ரியா எப்ப முடிப்பா?" என்று இரண்டு மொழியில் கேட்கிறார்கள். மூன்றாவது மொழியில் கேட்க ஆள் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

மியூவான் என்பது வானத்திலிருந்து இரவும் பகலும் நம் எல்லார் தலையிலும் விழுந்துகொண்டிருக்கும் துகள். தரைத்தள மூலை அறையில் அதை எண்ண ஒரு கருவி வைத்திருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். இரண்டிலும் ஒரே கணத்தில் துடிப்பு வந்தால் ஒரு மியூவான் ஊடுருவிப் போனதாகக் கணக்கு.

இரண்டு வருடம் எண்ணியதில் ஒரு விசித்திரம் அகப்பட்டது. புதன்கிழமை மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் நாலு சதவீதம் கூடுதல். என் வழிகாட்டி கிருபாகரன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெயில், காற்றழுத்தம், இடி மின்னல் எல்லாம் பார்த்தோம். பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி வரும் நேரத்தைக்கூடக் குறித்து வந்தேன். எதுவும் பொருந்தவில்லை. ஊர் கிளப்பும் தூசியும் சூடும் கிழமைக்குக் கிழமை மாறும், அது மேல்காற்றை மாற்றுகிறது என்று சார் ஒரு கோட்பாடு கட்டினார். அதுவே என் நாலாவது அத்தியாயம். கட்டுரையும் தயார், ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"இன்னிக்கு ஒரு மணிக்கு நீயே போயி உக்காந்து லைவ்வா எடும்மா. குழுவுக்குச் சென்னையில இருந்து வார ஸ்ரீலட்சுமி மேடம் அசந்துறணும்" என்றார் சார்.

ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வழக்கமாக அந்த நேரம் துறையே மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டும் பேனர் கட்டிக்கொண்டும் இருக்கும். இரண்டு வருடத்தில் புதன் மதியம் அந்த அறைக்குள் நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை. திரையில் கோடு படுத்தே கிடந்தது. ஒன்றரைக்கும் அப்படியே. கரண்டில் கோளாறா என்று கேட்க, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கேன்டீனுக்கு ஓடினேன்.

"கரண்டெல்லாம் இருக்கு தாயி" என்றார் கேன்டீன் முனீஸ்வரி அக்கா. "கிரைண்டர்தான் மக்கர் பண்ணிருச்சு. மெக்கானிக் இப்பத்தான் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறாரு. நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? வடை வந்துரும், போ."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சுவருக்குப் பின்னால் கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கோடு மெல்ல ஏறியது. அப்பாடா என்றேன். அடுத்த நொடிதான் உறைத்தது. மற்ற நாளெல்லாம் கேன்டீனில் கடை மாவு. கிரைண்டர் ஓடுவது புதன்கிழமை வடைக்கு மட்டும்.

மறுபடி ஓடினேன். "அக்கா, அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுங்க. பெறகு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. மூணு தடவ."

"என்னடி விளையாட்டு இது? எண்பது பேருக்கு யாரு பதில் சொல்றது?"

கெஞ்சினேன். திட்டிக்கொண்டே செய்தார். ஓடினால் ஏறியது, நின்றால் இறங்கியது. மூன்று தடவையும். பழைய மோட்டார் கரண்ட் லைனில் கிளப்பிய மின் அதிர்வு இரண்டு தட்டுக்கும் ஒரே கணத்தில் போயிருக்கிறது. கருவி அதை மியூவான் என்று எண்ணியிருக்கிறது. அதன்மேல் தப்பே இல்லை.

சாரிடம் சொன்னபோது இரண்டரை மணி.

"எந்தக் கிரைண்டர்?"

"வடை கிரைண்டர் சார்."

மேசையில் இருந்த கட்டுரையின் முதல் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அம்புட்டும் வடையா?" என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு மட்டும் இருக்கறதப் பேசிரும்மா. பொறவு திருத்திக்குவோம். காலம் முடியுதுல்ல, உனக்காகத்தான் சொல்றேன்."

பாதி எனக்காகத்தான். மீதி அந்த முதல் பக்கத்தில் இருந்த அவர் பெயருக்காக. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மாடியேறினேன்.

நாலாவது அத்தியாயப் படம் திரையில் வந்தது. "இந்தக் கூடுதல் வானத்திலிருந்து வரவில்லை. கேன்டீனிலிருந்து வருகிறது" என்று சொல்லி, மதியம் எடுத்த மூன்று அளவீடுகளையும் வாசித்தேன். சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்வரிசை வரை வந்தது. காது இரண்டும் எரிந்தன.

ஸ்ரீலட்சுமி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "கிரைண்டர் ஓடுன நேரத்தைத் தள்ளிட்டா மிச்சம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். மதுரையில எல்லாக் கிழமையும் ஒரே மாதிரிதான் விழுது."

அப்போது கிருபாகரன் சார் எழுந்தார். தன் மாணவியின் செமினாரில் வழிகாட்டி கேள்வி கேட்பது எங்கள் துறையில் வழக்கமே இல்லை.

"வானத்துக்கு ஏதும்மா கிழமை? புதன்னு வந்த அன்னிக்கே சந்தேகப்பட்டிருக்கணும். படாதது யாரு தப்பு?"

"என்னுடையது சார்" என்பதுதான் மரியாதையான பதில். "நம்ம ரெண்டு பேரு தப்பும் சார். ஆனா மொதல்ல சந்தோஷப்பட்டது நீங்க" என்றேன்.

சார் முன்வரிசைக்கு நடந்தார். மேடத்தின் முன்னால் இருந்த குழு அறிக்கையை எடுத்து நின்றபடியே ஏதோ எழுதினார். வழிகாட்டியின் கருத்து என்ற கட்டத்தில் எல்லாரும் வழக்கமாக 'திருப்தி' என்று ஒற்றை வார்த்தை எழுதுவார்கள். மேடம் அதை வாங்கிப் பார்த்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, நாலாவது அத்தியாயத்தைத் திருத்தி மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்கலாம் என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

'தவறியவர் வழிகாட்டி. கண்டுபிடித்தவர் மாணவி' என்று இருந்தது. மைக்கை அணைக்க மறந்து அழுதேன்.