பருந்து 50 பீஸ்

1

இந்தக் கதையை முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருவர் எனக்குச் சொன்னார்.

(அடித்துவிடவும். அப்படி யாரும் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே பொய். எனக்கு இது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இப்போது வாய் வரவில்லை. ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "பிரபாகருக்கு முப்பத்துமூன்று வயது, பயந்த சுபாவம்." வேண்டாம். சுபாவமே பயம் என்று எழுதிவிட்டால், பயமுறுத்தியவர்கள் எல்லாரும் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "நீலப்பருந்து முகமூடியைக் கழற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை." இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

நீலப்பருந்து ஒரு படக்கதை நாயகன்.* நாற்பது வருடமாகத் துறைமுகத்துக் கடத்தல்காரர்களை அடித்துத் துவைத்தவன். அடிபட்டுக் கிடக்கும்போதெல்லாம் ஒரு மீசைக்கார டாக்டர் வந்து கட்டுப்போடுவார். புதிதாக எழுத வந்தவர்கள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த இதழில் என்ன செய்தார்கள் என்றால், கட்டுப்போட்ட டாக்டரின் கையைப் பருந்து விடாமல் பிடித்துக்கொண்டது. முகமூடியைக் கழற்றியது. "உங்களைத்தான் நான்" என்று சொன்னது. அவ்வளவுதான், ஒரே ஒரு கட்டம்.

வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. பாதிப்பேர் சின்ன வயசையே நாசம் பண்ணிவிட்டார்கள் என்றார்கள். ஒருவர் பழைய இதழ்களை மகன் கையில் இனி எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். பல்லடத்துக் கல்லூரி மாணவி கீர்த்தனா மட்டும் பழைய இதழ்களின் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டாள். பருந்து எந்தக் கதையிலாவது ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்திருக்கிறதா, ஒவ்வொரு கதையும் அந்த டாக்டர் வீட்டில்தானே முடிகிறது என்று கேட்டாள். அவளுக்கு வந்த பதில்களை நான் எழுதப் போவதில்லை.

குழுவுக்குத் தலைவர் மகுடேஸ்வரன். பனியன் கம்பெனி முதலாளி, ஐம்பத்தெட்டு வயது, அத்தனை இதழ்களையும் பைண்டு செய்து கண்ணாடி பீரோவில் வைத்திருப்பவர். நல்ல மனுஷர். தையல் ஆபரேட்டர் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவர். அந்த மனுஷர்தான் எழுதினார்: "படக்கதைய உடுங்க. நம்ம யூனிட்ல இப்பிடி ஒருத்தன் இருந்தா, அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்தீருவனுங்க."

நாற்பத்துமூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். முதல் கட்டைவிரல் பிரபாகருடையது. அவன் அவருடைய கம்பெனியில் டிசைனர்.

* அப்படி ஒரு நாயகன் கிடையாது, தேடாதீர்கள். எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். எவ்வளவு மாற்றினாலும் போதவில்லை என்றே பயமாக இருக்கிறது.

3

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பிரதியில் பிரபாகருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன், அவிநாசிக்காரி. ஒரு பெண் குழந்தைகூட வைத்தேன். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே கூசியது. மகுடேஸ்வரனுக்குப் பருந்து முகமூடிக்குள்ளேயே இருக்க வேண்டும்; நானும் பிரபாகருக்கு ஒரு முகமூடியை மாட்டி வைத்திருந்தேன். அந்தப் பிரதியைக் கிழித்தாயிற்று.

ஆகவே உள்ளபடி: பிரபாகருக்குக் கல்யாணம் ஆகவில்லை. குண்டடத்தில் அவன் அம்மா மருதாள் மாதம் ஒரு ஜாதகம் அனுப்புகிறார். அவன் மாதம் ஒரு குறை கண்டுபிடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொமரலிங்கம் போகிறான். அங்கே அவனுக்காக

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. என்னைக் கேட்காதீர்கள்.)

4

மகுடேஸ்வரன் பேச்சோடு நிற்கவில்லை. பல்லடத்தில் வாசகர் கூட்டம் போட்டு, எல்லாரும் ஒரே மாதிரி டி-ஷர்ட்டில் வரவேண்டும் என்றார். நெஞ்சில் பருந்தின் முகம், கீழே "பழைய பருந்தே போதும்". ஐம்பது பீஸ், அவர் செலவு. முகத்தை வரைந்து ஸ்கிரீன் அச்சுப் போடும் வேலை பிரபாகருக்கு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். ஆர்டர் என்று ஒன்று வந்தால், ஐம்பது பீஸோ ஐம்பதாயிரமோ, அதற்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுவோம். சாம்பிளின் போட்டோவையே குழுவுக்கு முகப்புப் படமாக வைப்போம். "பருந்து 50 பீஸ்" குழுவில் நான்கு பேர்: முதலாளி, பிரபாகர், கட்டிங் மாஸ்டர் காசிமாயன், சாம்பிளுக்கு ஓகே சொல்லும் ஒரு மெர்ச்சண்டைசர். நான்காவது ஆளை இப்போதைக்கு விடுங்கள்.

ஆக, பிரபாகரின் போனில் வாசகர் வட்டத்துக்குப் பருந்து முகம். ஆர்டர் குழுவுக்கும் பருந்து முகம். கீர்த்தனாவும் வீம்புக்குத் தன் படத்தை எடுத்துவிட்டுப் பருந்தை வைத்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிரிண்டிங் டேபிளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவன் கீர்த்தனாவுக்கு மட்டும் எழுதினான். நேரில் பார்த்திராத பெண். அவளிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி என்று நினைத்திருப்பான். எழுதியது இது:

"பருந்து புதுசா மாறலீங்க. மொத புஸ்தகத்துல இருந்தே அவன் அப்பிடித்தான். முகமூடி போட்டது திருடனுக்குப் பயந்து இல்லீங்க, நமக்குப் பயந்து. எப்பிடித் தெரியும்னா, நானும் அதே பயத்துலதான் இருக்கறேன். இத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க."

அனுப்பினான். டிபன் பாக்ஸைக் கழுவி வந்து பதில் வந்ததா என்று பார்த்தான். மேலே "பருந்து 50 பீஸ்" என்று இருந்தது.

 செய்தியை அழுத்திப் பிடித்து, யார் படித்தார்கள் என்று பார்த்தான். ஒரே ஒரு பெயர். உடனே எல்லாருக்குமாக அழித்தான். "செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி மட்டும் அங்கேயே கிடந்தது. பத்து நிமிஷத்தில் முதலாளி கேட்டார்: "என்ன கண்ணு, டெலீட் பண்ணிருக்கற?" வேறு ஆர்டர் போட்டோங்க என்று எழுதினான். அவர் சரி என்றுவிட்டார். அவ்வளவு பிரியமாகக் கண்ணு என்று கூப்பிட்டதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அந்தப் பிரியம் கேட்டுக்கு உள்ளே இருக்கும்வரைதான் என்று அவனுக்குத் தெரியும்.

5

படித்தது நான்.

நான்தான் அந்த மெர்ச்சண்டைசர். நாற்பத்தோரு வயது, சிறுபத்திரிகையில் நான்கு கதை எழுதியவள், பெயர் வேண்டாம். முதலாளி சேர்த்துவிட்டதால் வாசகர் வட்டத்திலும் இருக்கிறேன்; அவன் அதைக் கீர்த்தனாவுக்குத்தான் எழுதியிருப்பான் என்று ஊகித்தது அதனால்தான். நாற்பத்துமூன்று கட்டைவிரல் என்றேனே, அதில் ஒன்று என்னுடையது. எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அன்று மாலை அவன் சாம்பிள் டி-ஷர்ட்டோடு என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, பாத்துட்டீங்ளா?"

"பாத்துட்டனுங்க தம்பி."

"ஓகேங்ளா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பயப்படாதீங்க, என் வாயிலிருந்து வராது என்று ஒரு வார்த்தை. அதற்குள் முதலாளியின் கார் சத்தம் கேட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

நாளை என்றது ஒன்பது நாளாகிவிட்டது. சாம்பிளுக்கு ஓகே வராமல் இங்கே யாரும் துணியில் கத்தி வைக்க மாட்டார்கள். கழுத்து ரிப் பட்டையில் நிறம் ஒட்டவில்லை என்றேன். பருந்தின் மூக்கு கோணல் என்றேன். மூக்கில் ஒரு கோணலும் இல்லை. ஓகே சொன்னால் அந்த வாசகத்தை அவன் தன் கையாலேயே ஐம்பது தடவை அச்சடிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடுவது அவனுக்கு நான் செய்யும் உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று காசிமாயன் வந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். "துணிய விரிச்சுப் போட்டு மூணு நாளாச்சு மேடம், வெட்டவா வேணாமா?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "அந்தப் பிரபாப் பய சோறே திங்க மாட்டேங்கிறான். மேடம் ஓகே சொல்லாம என்னைய வேணும்னே வாட்டுறாங்கண்ணேங்கிறான். ஒரு சட்டைக்கா இப்படி?"

அப்போதுதான் புரிந்தது. ஒன்பது நாளாக அவன் பயந்துகொண்டிருப்பது முதலாளிக்கு இல்லை, எனக்கு. நான் மூக்கு கோணல் என்று சொல்லும்போதெல்லாம், உன் உயிர் என் கையில் இருக்கிறது என்று சொல்வதாக அவன் கேட்டிருக்கிறான்.

6

முடிவுகள்.

அ) நான் ஓகே சொல்கிறேன். அவன் அச்சடிக்கிறான். ஞாயிறன்று கூட்டத்தில் ஐம்பது பேர் அவன் வரைந்த முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அவனையே திட்டுகிறார்கள். அவனும் ஒன்றைப் போட்டுக்கொண்டு கைதட்டுகிறான்.

ஆ) நான் முதலாளியிடம் போய், இந்த வாசகத்துக்கு என்னால் ஓகே சொல்ல முடியாது என்கிறேன். அவர் ஏனுங்க என்று கேட்கிறார். அந்த ஒரு ஏனுங்கவுக்கு, அவனை இழுக்காமல் பதில் சொல்ல எனக்குத் தைரியம்

இ) அவன் இன்று காலை வேலைக்கு வரவில்லை.

(இ கற்பனை இல்லை. மணி பதினொன்று. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. முதலாளி என்னிடம்தான் கேட்டார், பையனுக்கு ஒடம்பு சரியில்லீங்ளா என்று.)

7

வாசகரே என்று நான் ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? இதை ஒரே ஒருவருக்காகத்தான் எழுதினேன். பிரபாகர் தம்பி, உங்கள் எண்ணுக்கு இதை அனுப்புகிறேன். மூன்று தடவை பெயரைச் சரிபார்த்துவிட்டேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஒன்பது நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். முதலாளி பார்த்திருப்பார், பார்க்கட்டும். சாம்பிள் என் மேசையில்தான் கிடக்கிறது, ஓகே சொல்லப் போவதில்லை.

இந்தக் கதையும் ஒரு சாம்பிள். நீங்கள் ஓகே சொல்லாமல் எந்தப் பத்திரிகைக்கும் போகாது. வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், "நீக்கப்பட்டது" என்ற வரிகூட மிஞ்சாது. முதலில் போனை எடுங்கள்.

அனுப்பிவிட்டேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது; நெட்டை அணைத்து வைத்திருக்கிறீர்கள் போல, இன்னும் போய்ச் சேரவில்லை.

இதை உங்களைத் தவிர வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால், ஒன்று, நீங்கள் சரி என்று சொல்லியிருக்கிறீர்கள். இல்லாவிட்டால், இரண்டாவது டிக் விழவே இல்லை, நான் எழுத்தாளர் ஆகிற ஆசையில்

(படிப்பவரே, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எது நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.)