மூன்றாவது பெட்டி

விடியற்காலை ஐந்து மணிக்கே பட்டறையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. எட்டு மணி வேலைக்கு ஐந்து மணிக்கு வந்து நிற்க யாருக்கும் ஆசையில்லை. முதலாளி போட்ட சட்டம் அப்படி. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற இடம் அது. விற்ற பெட்டி பழுதாகித் திரும்பி வந்தால், அதில் ஒட்டிய மேசை நம்பரைப் பார்த்து, அதைச் செய்த ஆளே கூலியில்லாமல் விடியலில் வந்து சரி செய்து கொடுக்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று திரும்பினால் வேலை போச்சு.

சுருட்டைக்கு இரண்டு திரும்பிவிட்டன. தலைமுடிக்காக வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும்.

இரண்டாவது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தகட்டு விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு ஸ்க்ரூவைத் திருகினாள். போட்டவுடன் திரை சமர்த்தாக இருக்கும். அரை மணி கழிந்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கலர் கோடுகள், பிறகு கட்டம் கட்டமாகப் புள்ளிகள், பிறகு இருட்டு. கேபிளை மாற்றியாயிற்று. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று. சாஃப்ட்வேரை அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றியாயிற்று. கோடு மட்டும் போகவில்லை. உள்ளே கம்பிகளைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடாவான கேபிள் டையின் வால் நறுக்கப்படாமல் உட்புறமாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. எப்போதும் ஒட்ட நறுக்குகிறவள் அவள். அவசரத்தில் விட்டிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜன்னலோர மேசை காலியாகக் கிடந்தது. அது கைராசியின் மேசை. அந்த மகராணி எட்டு மணிக்குத்தான் வருவாள். அவள் கை பட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லையாம். சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஸ்க்ரூ டிரைவரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்ததே சுருட்டைதான். இன்று அவளுக்கு ஜன்னல் காற்று, தனி ஃபேன், முதலாளி வாயால் பாராட்டு.

"அவளைப் பாத்துக் கத்துக்க. உன் கையில என்ன, சனியனா உக்காந்திருக்கு?" என்று முந்தாநாள்கூட எல்லார் முன்னாலும் கேட்டார்.

சுருட்டைக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். கைராசி சிரித்தால் எரிந்தது, சும்மா இருந்தாலும் எரிந்தது. அவளுக்கும் ஒரு பெட்டி திரும்பி வரட்டும், ஒன்றே ஒன்று வரட்டும் என்று வேண்டிக்கொள்ளாத நாளில்லை. போன மாதம் அவள் வீட்டுக்கே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டாள் என்று கேள்விப்பட்டபோது சுருட்டைக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் கை கழுவுகிற குழாயடியில் அதே கைராசி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு லீவுதானே? வீட்டுக்குக் கொஞ்சம் வர்றீங்களா? என் கம்ப்யூட்டர் கோடு கோடா போடுது. நாத்தனார் அதுலதான் கல்யாண ஆல்பம் செய்யுறா. பாதியில நின்னு போயிடுது."

சுருட்டைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"உன் கையிலயே ராசி இருக்கே, நான் எதுக்கு?" என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் சம்மதித்தாள். மறுநாள் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டாள். அவள் விழி பிதுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா!

ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை, அதன்மேல் கம்ப்யூட்டர். நாத்தனார் எழுந்து இடம் விட்டாள். சுருட்டை வேலையில் இறங்கியதும் வந்த காரியத்தை மறந்துபோனாள். முதலில் மானிட்டரைக் கழற்றிவிட்டு வீட்டு டிவியில் மாட்டினாள். அதிலும் கோடு. அப்படியானால் குற்றம் திரையில் இல்லை. மெமரியை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். சும்மா விட்டால் மணிக்கணக்கில் ஓடியது. ஆல்பத்தைத் திறந்து நாலு படம் சேர்த்தால் பத்தே நிமிஷத்தில் உறைந்து நின்றது. படம் வரைகிற பாரம் ஏறினால்தான் படுத்துக்கொள்கிறது. மிச்சம் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான்.

உருவினாள். விரல் சுட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஸ்க்ரூத் தலைகள் எல்லாம் தேய்ந்திருந்தன. புது ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளி உரித்தால், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், பழுப்பேறிப்போய். கார்டின் குட்டி ஃபேனைக் கழற்றினால் தூசு வெந்து கட்டியாகியிருந்தது. எங்கோ வருஷக்கணக்கில் ராப்பகலாக ஓடிச் செத்த கார்டு அது.

"இதை எங்க வாங்கினே?"

"நம்ம பட்டறை ஸ்டோர்லதான்க்கா. புதுசுன்னு சொல்லி முதலாளியே எடுத்துக் குடுத்தாரு."

கம்பிகளைக் கட்டிய கேபிள் டை அப்போதுதான் சுருட்டையின் கண்ணில் பட்டது. வால் நறுக்கப்படாமல், உட்புறமாக மடித்துச் செருகி.

"ஏன்டி இதை நறுக்கல?"

"நறுக்கின முனை கையைக் கீறும்க்கா. நான் எப்பவும் மடிச்சுத்தான் விடுவேன்."

சுருட்டை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கைராசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பெட்டியும் திரும்பி வருதுக்கா. அதுல ஒட்டுற மேசை நம்பரை முதலாளி மாத்திடுறாரு. நேத்து நீங்க பாத்தீங்களே, அது என்னோடது. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். வாயைத் தொறந்தா வேலை போயிடும்னு இருந்துட்டேன்."

சுருட்டைக்கு ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல் கை பரபரத்தது. எத்தனை விடியல்! எத்தனை ஏச்சு! எல்லாம் இவள் பெட்டிக்காக.

"இப்ப மட்டும் எதுக்குடி சொல்றே?"

"நாளைக்கு உங்க மேசைக்கு இன்னொண்ணு வருது. மூணாவது. நேத்து ஸ்டோர்ல நம்பர் மாத்துறதைப் பாத்தேன். அதுவும் என்னோடது."

நாத்தனார் டிவியை அணைத்தாள். கைராசி அழுதாள். அந்த அழுகைக்கும் சுருட்டை இரங்கவில்லை. ஆனால் மூளை வேலை செய்தது. ஒருத்தியைத் தூக்கி வைத்தால்தானே மற்றவர்களை மிதிக்க முடியும்? இத்தனை நாளும் அவள் எரிந்தது இவளைப் பார்த்து; எண்ணெய் ஊற்றியவர் முதலாளி.

"அழுதது போதும். அந்தக் கார்டைப் பையில போடு. காலையில அஞ்சு மணிக்கு வா" என்றாள்.

மறுநாள் விடியலில் இருவரையும் சேர்த்துப் பட்டறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். சுருட்டை விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே எதிர் மேசை நெட்டையன் தன் பெட்டியைக் கவிழ்த்துக் கார்டை உருவினான். அவன் மனைவி நிறைமாதம். விடியலில் அவளைத் தனியே விட்டுவிட்டு வருகிறவன். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உருவினார்கள். கைராசி கொண்டுவந்ததையும் சேர்த்து நீள மேசையில் எட்டுக் கார்டுகள் வரிசையாகக் கிடந்தன. எட்டிலும் ஸ்டிக்கருக்கு அடியில் ஸ்டிக்கர்.

ஏழு மணிக்கு முதலாளி மூன்றாவது பெட்டியோடு வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?"

"நாங்கதானே செஞ்சோம், நாங்கதான் தொறப்போம்" என்றாள் சுருட்டை. "கை சரியில்ல, கை சரியில்லன்னீங்களே. கை சரியாத்தான் இருக்கு. சரக்குதான் செத்த சரக்கு."

"சந்தையில கிடைக்கிறதைத்தான் வாங்க முடியும். கஷ்டம்னா எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்குமா? விடியக்காலையில நீங்க எத்தனை நாள் வந்தீங்க?" நெட்டையன் கேட்டான்.

முதலாளி கைராசியின் பக்கம் திரும்பினார். "நீயுமா? ஜன்னல் மேசை பத்தலையா உனக்கு?"

"அந்தப் பெட்டி என்னோடதுங்க. என் நம்பரையே திரும்ப ஒட்டுங்க" என்றாள் அவள்.

விடியல் வேலை கூடாது, மூன்று பெட்டிச் சட்டம் கூடாது, செத்த கார்டைத் தொடமாட்டோம் என்று சுருட்டை சொன்னாள். முதலாளி குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. இது யாரு யோசனை? அந்த ஒரு ஆள் மட்டும் வெளிய போகட்டும். மத்தவங்க பேசாம வேலையைப் பாருங்க."

கைராசி வாயைத் திறந்தாள். எல்லார் கண்ணும் அவள் மேல் போயிற்று. சுருட்டைக்கு வயிற்றில் பழைய எரிச்சல் குபுக்கென்று கிளம்பியது. இந்தப் பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போவாளா?

"என் யோசனை!" என்று முந்திக்கொண்டாள்.

"இல்லங்க, நான்தான் முதல்ல சொன்னேன்" என்றாள் கைராசி.

"நீ என்னடி சொன்னே? கார்டை உருவிப் பாத்தது யாரு?"

"கூப்பிட்டது நான்தானேக்கா!"

நெட்டையன் சிரித்துவிட்டான். "ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. என் பேரையும் எழுதிக்குங்க மொதலாளி." பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லின.

"எட்டுப் பேரையும் மாத்துவேன். நாளைக்கே ஆள் வருவாங்க" என்று கத்திவிட்டு முதலாளி ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்.

நாளை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. புது ஆள் யாரும் உள்ளே போகாதபடி எட்டுப் பேரும் ஷட்டருக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை. சுருட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டே நகர்ந்து, கைராசி உட்கார அரைச் சாண் இடம் விட்டாள்.