மருந்து போட்ட கிணறு

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் சத்திரம் சாவடி எதிலும் இடமில்லை என்று பேசிக்கொண்டார்கள். தென்காசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால், சிற்றாற்றுத் தண்ணீரால் கரை தொட்டு ஓடியது. அதன் ஓரத்தில் இருந்த தெருக் கிணற்றில் கைக்கு எட்டும் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. "குத்தாலமே நம்ம வீட்டுக்கு வந்துட்டு" என்று என் அத்தான் நமசிவாயம் பெருமையடித்துக்கொண்டார். குற்றாலத்தில் குளித்தவர்களின் எண்ணெயும் சீயக்காயும், அவர்கள் கரையோரம் குத்தவைத்துக் கழித்த மலமும் கூடவே வந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஐந்தாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிற வாத்தியார் நான். யோசித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அத்தான் என் அக்காள் புருஷன். கிணறு தெருவுக்குப் பொது என்றாலும் வெட்டியவர் அவர் அப்பா என்பதால், அதில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் குடியிருந்த வீடு அவருடையது. வாத்தியார் வேலையும் அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கிடைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இப்போதும் சாக்குதான்.

அவர் மகள் நாச்சியாருக்கு அந்த வாரம் புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கடையம். நிச்சயத்துக்கு வந்தபோது ஒரு சங்கடம் ஆகிவிட்டது. முதல் நாள்தான் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, குத்தாலத்துத் தண்ணி தருவீகன்னு பாத்தா ஆஸ்பத்திரித் தண்ணியத் தாறீக" என்று சபையில் சிரித்தார். அத்தானுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை காலையில் ஏசுதாசன் வந்தார். கிணறுகளுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுகிற சுகாதார உத்தியோகஸ்தர். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, மருந்துக்காரர் என்பார்கள். வாளியில் பவுடரைக் கரைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, குத்தாலத்துல நாலு பேருக்கு வாந்திபேதி. வாய்க்கால் தண்ணி கிணத்துல ஊறுது. இன்னைக்கு மருந்து போட்டே ஆகணும்."

அத்தான் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றி நின்றார். "மூலிகைக் காட்டுக்குள்ள பொறந்து வாற தண்ணி வே இது. இதே மருந்து. மருந்துக்குள்ள நீரு என்ன மருந்தப் போடுதீரு?"

தண்ணீர் இறைக்க வந்தவர்கள், பந்தல்காரர்கள், தையல்காரன் தளவாய் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சுத்தான் அது, இப்போது நினைத்தாலும்.

ஏசுதாசன் நகரவில்லை. அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் ஏசுதாசனைத் தனியே அழைத்துப் போனேன்.

"வியாழக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க போயிருவாக. வெள்ளிக்கிழமை காலைல வந்து ரெண்டு பங்காப் போடும். யாரு உம்மத் தடுக்கப் போறா?"

"கல்யாணம் முடியட்டும்னு கிருமி காத்துக்கிட்டா இருக்கும், சார்?"

"நாலு நாளுதானே வே. நான் பொறுப்பு."

"சார் பொறுப்புன்னா சரி" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படித்தவன் சொன்னால் நம்பலாம் என்று நினைக்கிற ஆள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்து ஊற்றும் வடிவம்மாளுக்குச் செவ்வாயிலிருந்து வியாழன் வரை இடுப்பு நிமிரவில்லை. தாய்மாமன் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "இதுல்லா தண்ணி" என்றார். அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது வடிவம்மாளுக்கு வாந்தியும் பேதியும். தளவாயின் ஐந்து வயது மகளுக்கும் அப்படியே. சொன்ன சொல் தவறாமல் வாளியோடு வந்த ஏசுதாசன் விஷயத்தைக் கேட்டதும் ஓடினார். யாரிடமும் கேட்கவில்லை. இறைக்க வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு வாளியையும் கிணற்றில் கொட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் வடிவம்மாளும் போனாள், தளவாயின் மகளும் போனாள். சனிக்கிழமை காலையில் கடையத்திலிருந்து ஆள் வந்தது. தாய்மாமனும் போய்விட்டாராம்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்பது நல்ல சொல்தான், பின்னால் வருகிற சொல்லைப் பொறுத்து. மருந்து சாப்பிட்டாள் என்றால் காய்ச்சல். மருந்து குடித்தாள் என்றால் அழ ஆள் கூப்பிட வேண்டும். "கிணத்துல மருந்து போட்டான்" என்பதற்கு வியாழக்கிழமை வரை ஓர் அர்த்தம் இருந்தது. சனிக்கிழமை வேறு அர்த்தம் வந்துவிட்டது. அதில் ஓர் எழுத்தைக் கூட யாரும் மாற்றவில்லை.

கிணற்றைப் பார்த்துவிட்டுப் போக அன்று வந்த ஏசுதாசனைத் தளவாய்தான் பிடித்தான். மகளைப் புதைத்த கை. சட்டையைப் பிடித்து அத்தான் வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்தான். தெருவே கூடிவிட்டது.

"கிணத்துல நீ மருந்து போட்டியா, இல்லையா?"

"போட்டேன். திங்கக்கிழமையே போட வந்தேன், சார்தான்..."

அதற்குள் அடி விழுந்தது. வாயில் ரத்தம். ஆனாலும் அவர் கண் என்னைத் தேடியது. தெருவே என் பக்கம் திரும்பியது. அத்தானும் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"மருந்து போட்டாரு. நேத்துக் காலைல. போட்டதப் பாத்தவங்க இருக்காங்க" என்றேன்.

எல்லாம் உண்மை. திங்கட்கிழமை கிணற்றடியில் சிரித்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவருக்கும் திங்கட்கிழமை ஞாபகம் வரவில்லை.

கூட்டத்தில் ஒருவர், "அவன் மருந்து போட்ட தண்ணிய அவனையே குடிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

ஏசுதாசன் முகம் தெளிந்தது. "கொண்டாங்க, குடிக்கேன். ஒரு வாளி வேணாலும் குடிக்கேன்" என்றார்.

"சிவசைலம், ஒரு செம்புல கொண்டா" என்றார் அத்தான் என்னைப் பார்த்து.

நான் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுக்குக் கல்யாணச் சமையல் கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும். நடக்கும்போது யோசித்தேன். இந்த மனுஷன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் ஆகாது. இன்று ஆகாது, நாளையும் ஆகாது. அப்புறம் தெரு கேட்கும்: மருந்து கொல்லவில்லை என்றால் எது கொன்றது? மருந்து போடாத தண்ணீர். போட விடாதது யார்? கொட்டகையில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. வியாழக்கிழமை வடிவம்மாள் இறைத்து வைத்தது. நான் கிணறு வரை போகவில்லை. செம்பை அண்டாவுக்குள் விட்டு மொண்டேன்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் காலரா ஊசி போட்டுக்கொண்டவர்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏசுதாசன் செம்பை வாங்கி வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். முகர்ந்தார். பிறகு மெதுவாக, என்னிடம் மட்டும் பேசுவது போல, "சார், இதுல மருந்து வாசம் இல்லையே" என்றார்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

"இது கிணத்துத் தண்ணி இல்ல. என்னய விடுங்க, நானே இறைச்சுக் குடிக்கேன். எல்லாரும் வந்து பாருங்க."

"பாத்தீகளா, நழுவப் பாக்கான்" என்றான் தளவாய். நாலு பேர் கையைப் பிடித்தார்கள். தளவாய் தாடையை அழுத்திச் செம்பைக் கவிழ்த்தான். ஏசுதாசன் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு விழுங்கினார். பாதிக்கு மேல் சட்டையில்தான் போயிற்று என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

ஐந்து நிமிஷம் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் சாகவில்லை. ஏமாற்றமாக விலகி வழி விட்டார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு நடந்து போனார். நான் கொட்டகைக்குப் போய் அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். அதையும் யாரும் சொல்லாமல்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் வாந்திபேதி கண்டது. திங்கட்கிழமை செத்துப்போனார். தெருவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. "அவன் மருந்து அவனையே கொன்னுட்டு" என்றார்கள். தளவாய் அன்றுதான் மகள் செத்த பிறகு முதல் முறையாகச் சாப்பிட்டான் என்று கேள்விப்பட்டேன். பவுடர் வாளியோடு அதன் பிறகு எங்கள் தெருவுக்குள் வர எவனுக்கும் துணிச்சல் இல்லை. ஆடியில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். மருந்து கிணற்றின் அடியில் தங்கிவிட்டது என்று அதற்கும் காரணம் சொன்னார்கள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தெருவில் படித்தவர் யார் என்று கேட்டு என் வீட்டுக்கு வந்தார். ஏசுதாசனின் மனைவியும் கூட வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றாள். வேலை பார்த்த இடத்தில் நோய் தொற்றிச் செத்தார் என்றால் அவளுக்கு ஆபீஸில் ஒரு வேலை கிடைக்கும், தான் கரைத்ததைத் தானே குடித்துச் செத்தார் என்றால் கிடைக்காது என்று அதிகாரி விளக்கினார். "நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க, போதும்" என்றார்.

எழுதினேன். மேற்படி ஏசுதாசன் வெள்ளிக்கிழமை கிணற்றில் மருந்து போட்டார். சனிக்கிழமை தெருவார் முன்னிலையில் தண்ணீர் குடித்தார். திங்கட்கிழமை இறந்தார். மூன்று வாக்கியம். பிழையில்லாமல், கோணாமல், கரும்பலகையில் எழுதுவது போல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி படித்துவிட்டு வாசலைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. படியிறங்கிப் போனாள்.

அதிகாரி எழுந்திருக்கும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கே, குத்தாலத்துத் தண்ணியா?" என்றார்.

"ஆமா" என்றேன். அது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அந்த ஆனியிலிருந்து எங்கள் வீட்டில் காய்ச்சாமல் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.