லேபிள் சுரண்டிய இசைத்தட்டு

மூன்றாவது முறையாகப் பேராசிரியர் எச்செவெரி பாட்டைப் பாதியில் நிறுத்தியபோது நெரெய்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில், கோட்டைச் சுவருக்குள் ஒரு பண்பாட்டு மையம். நாடு நாடாகத் தெரு ஆட்ட இசையை ஒப்பிடும் மாலைநேரக் கூட்டம். ரியோவின் குன்றுச் சேரியிலிருந்து ஜுசாரா, அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து அதாவ், உள்ளூர் ஆட்ட இசையான சாம்பெட்டாவுக்கு நெரெய்தா கஸியானி. தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்த பேராசிரியர், ஒவ்வொருவர் பாட்டிலும் பத்து வினாடி போட்டு, திரையில் கோடு கோடாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, மூணும் ஒரே அடி. ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க."

"பத்து செகண்டுல யாரு ஆடுவா, டாக்டர்? செருப்பைக் கழட்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு," என்றாள் நெரெய்தா.

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தபடியே அடுத்த படத்துக்குத் தாவினார்.

எரிச்சல் மதியமே தொடங்கிவிட்டது. தெரு ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அவளுடைய பிக்கோ ஒலிப்பெட்டியை, சத்தம் ஆகாது என்று காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். அது வெளியே லாரியில் வெயில் காய்ந்தது. உள்ளே இருந்தவை சோப்பு டப்பா அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள். நெஞ்செலும்பு அதிராத சாம்பெட்டா என்ன சாம்பெட்டா?

அவள் முறை வந்தது. பிக்கோ வைத்துப் பிழைத்த அப்பா விட்டுப்போன தட்டைச் சுழலவிட்டாள். கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியது. போட்டி பிக்கோக்காரர்கள் பாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று அப்பா லேபிளைப் பிளேடால் சுரண்டிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். பெயரைச் சொல்லாமலே செத்தும் போனார். மொழி புரியாத பல்லவி, ஸ்பானிஷில் 'சாவி, சாவி' என்பதுபோல் காதில் விழுந்ததால் அவளுடைய ஒலாயா பேட்டையில் அதற்குச் சாவிப் பாட்டு என்றே பெயர். அது இல்லாமல் அங்கே கல்யாணம் கிடையாது. பாடியது யாரென்று வருஷக்கணக்காகத் தேடியும் நெரெய்தாவுக்குத் துப்புக் கிடைக்கவில்லை.

பல்லவி வந்ததும் அதாவ் துள்ளி எழுந்தார். "ஐயோ, இது எனக்குத் தெரியுமே! இந்தப் பாட்டு..."

"கேள்வி நேரத்துல பேசலாம்," என்று பேராசிரியர் ஒலியைக் குறைத்தார்.

"டாக்டர், அவரைப் பேச விடுங்க."

"நேரம் இல்லம்மா."

நெரெய்தா எழுந்துபோய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். திரையும் மைக்கும் ஒன்றாய்ச் செத்தன. "இப்ப நேரம் இருக்கு. சொல்லுங்கண்ணே."

"நான் காங்கோவுல, கின்ஷாசாவுல அகதியா வளந்தவன்," என்றார் அதாவ். அவருடைய போர்த்துகீசியத்தை ஜுசாரா ஸ்பானிஷில் எடுத்துச் சொன்னாள். "இது அந்த ஊரு லிங்காலா மொழிப் பாட்டு. புருஷனை விட்டுப் போறவ பாடுறா. இனிமே உனக்கு யாரு சமைப்பான்னு கேக்குறா."

"அடப்பாவி அப்பா! என் கல்யாணத்துல இதைத்தானே மூணு தடவை போட்டாரு!"

அரங்கம் அதிர்ந்தது. பேராசிரியர் கையசைத்து ஊழியரைக் கூப்பிட்டார்.

"பாடினது யாருண்ணே?"

அதாவ் கண்ணை மூடிக்கொண்டார். "நாக்கு நுனியில நிக்குது..."

அதற்குள் ஊழியர் வயரைச் செருக, திரை விழித்துக்கொண்டது. "நன்றி, நேரம் முடிந்தது," என்றார் பேராசிரியர் மைக்கில். அதாவை விமானநிலையத்துக்குக் கொண்டுபோகக் கார் வந்து நின்றது. நெரெய்தா கார்க் கதவுவரை ஓடினாள்.

"வரமாட்டேங்குது தங்கச்சி. ஊர்ல விசாரிச்சுச் சொல்றேன்."

"அடுத்த கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்க," என்று ஜுசாரா அவள் காதில் சிரித்தாள். நெரெய்தாவால் சிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்து கை நழுவியதில்லை.

சில வாரம் கழித்து, வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது அதாவின் குரல்செய்தி வந்தது. அவள் எண்ணெய்க் கையோடு போனை எடுத்தாள்.

"தங்கச்சி, மூணு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேரும் மூணு பேரு சொல்றாங்க. மூணு பேருமே சத்தியம் பண்றாங்க."

தொடர்ந்து அவர் சொன்ன மூன்று பெயர்களையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அடுப்பில் வாழைக்காய் கருகியது.