வெறும் தொட்டில் நானூறு கிராம்

என் தங்கை மகளின் அட்டையில் கடைசியாக ஏறிய எடை ஐந்து கிலோ. பச்சைக் கட்டம். அதற்குப் பதினோராம் நாள் அவள் செத்துப்போனாள். நாலு மாசக் குழந்தை. வயிற்றுப்போக்கு வந்தது, மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

எடை போட்டது நான். அட்டையில் எழுதியதும் நான். அது என் வேலை. எங்கள் பகுதியில் கர்ப்பிணிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுக்கக் கற்றுத்தருவதும், மாசா மாசம் குழந்தைகளை எடை போடுவதும் ஒன்பது வருஷமாக நான்தான். பச்சை என்றால் கவலை இல்லை, வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் தாய்க்கு முட்டையும் சத்துமாவும் கூடுதலாகக் கிடைக்கும், வாரத்துக்கு ஒருமுறை நானே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதுவேன். சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பச்சைக்கு இது எதுவும் கிடையாது.

அதனால் என் தங்கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. குழந்தை போன பத்தாம் நாள் அவள் நாத்தனார் அந்த அட்டையைத் தெருவில் நின்று ஆட்டிக் காட்டினாள். "பாருங்க, பச்சையில இருந்த புள்ள! கொழுகொழுன்னு இருந்ததை இவதான் என்னமோ பண்ணி வாரிக் கொடுத்துட்டா!" தங்கை புருஷன் ஒரு பையில் நாலு புடவையையும் அந்த அட்டையையும் போட்டு அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். ஏழு மாசமாகிறது. அவள் சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவைதான் பேசினாள். "பச்சையில இருந்த புள்ளைய நான்தான்க்கா பார்த்துக்கத் தெரியாம விட்டுட்டேன்."

அன்றைக்கு என் வயிறு எரிந்தது பாருங்கள், அது இன்னும் அணையவில்லை.

இந்தப் பச்சை எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் தராசு விட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கும். அதன் கீழே கித்தான் தொட்டிலை மாட்டி, அதற்குள் குழந்தையைக் கிடத்த வேண்டும். முதலில் வெறும் தொட்டிலை மாட்டி, தலையில் இருக்கும் திருகைத் திருகி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் முள் குழந்தையின் எடையை மட்டும் காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

போன வருஷம் புதிதாக ஒரு மேற்பார்வை அதிகாரி வந்தான். எந்த அட்டையைப் புரட்டினாலும் "பச்சை இருக்கா? பச்சை எவ்வளவு?" என்றுதான் கேட்பான். அதனால் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் பச்சை சார். நேரில் சார், மனசுக்குள் அவன், இவன். வந்த இரண்டாம் வாரமே சொன்னான். "தொட்டிலை மாட்டித் திருகிக்கிட்டு இருந்தா பாதி நாள் போயிடும்மா. காலையில வெறும் தராசுல பூஜ்யம் வெச்சிடுங்க. அப்புறம் தொட்டிலை மாட்டிப் போட்டுக்கிட்டே போங்க. திருகைத் தொட வேணாம்."

"சார், தொட்டில் கனமும் சேர்ந்துக்குமே?" என்றேன்.

"நீ என்ன பெரிய விஞ்ஞானியா? உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

எனக்கு வேலை வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அந்த மாசமே எங்கள் பகுதியில் பாதி மஞ்சள் பச்சையாகிவிட்டது. அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மாலையோடு அவன் நிற்கிற படத்தை எங்கள் அங்கன்வாடி மையத்தின் சுவரிலேயே மாட்டினார்கள். குழந்தைகளை எடை போடும்போதெல்லாம் அந்த மூஞ்சி என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அவனுக்குத்தான் இரண்டு மாசத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது.

போன திங்கட்கிழமை போன் பண்ணினான். "வெள்ளிக்கிழமை பெரிய மேடம் உங்க மையத்தைப் பார்க்க வராங்க. என் குழந்தையையும் கொண்டு வரேன். அதிகாரி புள்ளையும் வரிசையில நின்னு எடை போடுதுன்னு ஒரு போட்டோ எடுத்தா நல்லாயிருக்கும். ஏற்பாடு பண்ணிடு."

"கட்டாயம் கொண்டு வாங்க சார்" என்றேன். போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் திட்டம் ரொம்ப லேசு. அவன் சொல்லிக்கொடுத்தபடியே எடை போடுவேன். அவன் பிள்ளையும் பச்சை வாங்கிக்கொண்டு போகட்டும். அப்புறம் நடப்பது நடக்கட்டும், அவன் வீட்டிலும் ஒருத்தி சுவரைப் பார்த்து உட்காரட்டும். நான்கு நாள் இதை வாயில் போட்டு மென்றுகொண்டே திரிந்தேன். ஒரு பச்சைக் குழந்தையைப் பற்றி இப்படி நினைத்தாயே என்று கேட்பீர்கள். நினைத்தேன். மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மையம் நிரம்பி வழிந்தது. நாற்பது தாய்மார்கள். சமையல்கார அக்கா ஒரு பக்கம் முட்டையை அவித்துக்கொண்டே, "மேடம் வர்றாங்கன்னா மட்டும் பளபளன்னு பாத்திரம் கேக்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பெரிய மேடம் நாற்காலியில் உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் தராசுக்கு எதிரே நின்றார். பச்சை சார் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தான். அவன் பின்னால் அவன் மனைவி. அவளை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். இருபத்து மூன்று வயசிருக்கும். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. அவ்வளவு மெலிவு.

குழந்தையை நான் வாங்கினேன். சட்டையைக் கழற்றினேன். தொடையில் கை வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோல் தொளதொளவென்று மடிந்தது. இந்தத் தொடையை எனக்குத் தெரியும். என் தங்கை மகளைக் கடைசியாகத் தூக்கியபோது என் கை உணர்ந்தது இதே தோலைத்தான். குழந்தை அழக்கூட இல்லை, ஒரு முனகல் மட்டும்.

தொட்டிலில் கிடத்தினேன். முள் ஆடி நின்றது. மூன்று கிலோ தொள்ளாயிரம். இரண்டு மாசப் பெண் குழந்தைக்குப் பச்சையின் கடைசி விளிம்பு.

"பச்சை! மேடம், பச்சை!" என்று அவன் கத்தினான். போட்டோக்காரர் எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் மனைவி மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நெஜமாவே நல்லாத்தான் இருக்காளா? பால் குடிக்கும்போதே தூங்கிடறா. எனக்கென்னமோ பயமா இருக்கு. அவர்கிட்ட சொன்னா, பச்சையில இருக்கும் பாருங்கிறார்."

என் தங்கையும் இப்படித்தான் கேட்டாள். இதே இடத்தில் நின்று, இதே குரலில். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பச்சையிலதான் இருக்கா, போடி" என்றேன்.

இரக்கத்தால் மனசு மாறினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பச்சை என்று அனுப்பினால் அவனுக்குப் போட்டோ கிடைக்கும், எனக்கு என்ன கிடைக்கும்? என் தங்கையின் அட்டை அப்படியேதானே இருக்கும்? அவனைச் சும்மா விடுகிற உத்தேசம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. குழந்தையை எடுத்து அதன் தாயிடம் கொடுத்தேன். தொட்டிலை மட்டும் கழற்றவில்லை.

"சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க. முள்ளைப் பாருங்க."

வந்தான். தொட்டில் காலியாகத் தொங்கியது. முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

"எவ்வளவு காட்டுது சார்?"

அவன் மூஞ்சியில் ஈயாடவில்லை. "அது... அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று பூசி மெழுகப் பார்த்தான்.

"சத்தமா படிங்க சார். எல்லாரும் கேக்கட்டும்."

பெரிய மேடம் எழுந்து வந்துவிட்டார். "படிங்க" என்றார்.

"நானூறு" என்றான். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"கேக்கலை சார்."

"நானூறு கிராம்!"

"வெறும் தொட்டில் நானூறு கிராம். அப்போ உங்க புள்ள எவ்வளவு?"

அவன் கணக்குப் போடவில்லை. வரிசையில் நின்ற ஒருத்தி போட்டாள். "மூணரை கிலோ. மஞ்சள்." அப்புறம் அவளே தன் கையிலிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் நின்றவளும் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகத் தங்கள் தங்கள் பிள்ளையின் எண்ணிலிருந்து நானூறைக் கழிக்க ஆரம்பித்தார்கள். மையத்தில் கிளம்பிய சத்தத்தில் முட்டைப் பாத்திரம் கொதிப்பது கேட்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி நடக்குது?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு வருஷமா மேடம். சார் உத்தரவு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை!" என்றான் அவன்.

சமையல்கார அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன் சார், பொழுது விடிஞ்சா பொய்யா? திருகைத் தொடாதேன்னு நீங்க சொன்னப்போ நான் இங்கதானே காய் நறுக்கிட்டு இருந்தேன்? பாதி நாள் மிச்சம்னு சொன்னீங்களே!"

அன்றைக்கே எல்லா அட்டையையும் திருத்தச் சொல்லி மேடம் உத்தரவு போட்டார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அவனே கையெழுத்துப் போட வேண்டும். நான் முதல் அட்டையை என் பையிலிருந்து எடுத்தேன். காலையில் தங்கைக்குத் தெரியாமல் அவள் புடவைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தது.

"இது யாரோட அட்டை? கூட்டத்துல காணோமே?" என்றான்.

"அவ வரமாட்டா சார். செத்து ஏழு மாசம் ஆச்சு. எழுதுங்க. ஐந்தை அடிங்க. நாலு கிலோ அறுநூறு. மஞ்சள். தேதி போடுங்க. கையெழுத்துப் போடுங்க. காரணமும் எழுதுங்க, தொட்டிலோட எடை கழிக்கப்படலைன்னு."

எழுதினான். தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்து, மறுபடி போட்டான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தித்தித்தது. இன்னும் கொஞ்சம் திணறுடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்கிடையில் அவன் மனைவியை உள் அறையில் உட்காரவைத்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், டீ என்றாள். நேற்று ராத்திரிக்கும் டீதான். தாய் நிறையச் சாப்பிட்டால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். "உங்க வீட்டுக்காரர் மேடை மேடையா பேசுறாரே, பெத்தவ ஒரு வேளை கூடுதலா சாப்பிடணும்னு?" என்றேன். "மேடையில பேசுவாரு. வீட்டுல எங்க பேசுறாரு?" என்றாள். இரண்டு முட்டையை உரித்து அவள் கையில் வைத்தேன். குழந்தையின் வாயை அகலமாகத் திறக்கவைத்து எப்படி மார்போடு சேர்ப்பது, தூங்கினால் பாதத்தை எப்படித் தட்டி எழுப்புவது என்று காட்டினேன். குழந்தை மடக்மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதி அவன் கையில் திணித்தேன். "வாரா வாரம் நீங்களே தூக்கிட்டு வரணும் சார். ஒவ்வொரு தடவையும் வெறும் தொட்டிலை மாட்டி, எவ்வளவுன்னு சத்தமா படிச்சு, நீங்களே திருகிப் பூஜ்யம் வைக்கணும். அப்புறம்தான் புள்ளையை வாங்குவேன்" என்றேன். சரி என்று தலையாட்டினான். மன்னிப்பும் கேட்டான். அது எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். தங்கை வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அட்டையை அவள் மடியில் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். தொட்டில் கனமும் சேருமே என்று நான் சொன்னபோது அவன் எப்படி மிரட்டினான், இன்றைக்கு எப்படி நின்றான், எப்படி விழித்தான், நாற்பது பேர் நடுவில் எப்படிக் கத்தவைத்தேன், எப்படிக் கையெழுத்து வாங்கினேன்.

"இதை எடுத்துக்கிட்டு நாளைக்கே உன் நாத்தனார் வீட்டுக்குப் போறோம். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன் பாரு. உன் மேல தப்பே இல்லடி. புள்ள மஞ்சள்ல இருந்திருக்கா. உனக்கு யாருமே சொல்லலை!"

அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்த எண்ணின் மேல் ஒரு விரலை வைத்தாள். ஏழு மாசம் கழித்து முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தொட்டில் கனமும் சேருதுன்னு அவர்கிட்ட சொன்னேன்னியே. அது எப்போ?"

"போன வருஷம். அவர் வந்த புதுசுல."

"அப்போ என் புள்ளைய எடை போட்ட அன்னைக்கு உனக்குத் தெரியும்."

அவனைப் போல நானும் பூசி மெழுகத்தான் பார்த்தேன். வேலை போய்விடும் என்றேன், அவன் மிரட்டினான் என்றேன், எல்லா மையத்திலும் இப்படித்தான் செய்தார்கள் என்றேன். அவள் எதையும் மறுக்கவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தெரியுமா, தெரியாதாக்கா?"

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. அட்டையை என் பக்கம் திருப்பி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படி."

"என்னடி இது..."

"அவரைப் படிக்க வெச்சல்ல? நீயும் படி. சத்தமா."

படித்தேன். "நாலு கிலோ அறுநூறு."

"கேக்கலை" என்றாள்.